எத்தனை முறை செய்வது?

அன்புக் கண்மணிக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. நீ அனுப்பிய கணக்குத் தாளின் படத்தைப் பெரிதாக்கி வரி வரியாகப் பார்த்தேன். எக்ஸ் ஸ்கொயரையும் சைன் எக்ஸையும் பெருக்கி வைத்து, அதன் தொகையீட்டைக் கேட்கிற கணக்கு. பகுதித் தொகையிடலை ஒரு முறை செய்தாய். இன்னொரு தொகையீடு மிச்சம் நின்றது. அதற்கும் அதே முறையைச் செய்தாய். முதலில் கேட்ட கணக்கே திரும்பி வந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஒன்றாகி நின்றதே தவிர விடை வரவில்லை. தாளின் ஓரத்தில், "இதை எத்தனை தடவைதான் செய்வது அத்தை?" என்று பென்சிலால் எழுதியிருந்தாய்.

உன் கணக்குக்கு மட்டும் பதில் வேண்டுமென்றால் "இரண்டு தடவை" என்று கைபேசியில் ஒரு வரி போட்டிருப்பேன். ஆனால் நாளைக்கு வேறொரு கணக்கு வரும். அங்கே நான்கு தடவை வேண்டியிருக்கும். இன்னொன்றில் இரண்டாம் தடவையிலேயே கணக்கு உன்னிடம் திரும்பி வரும். அங்கே அதுதான் விடைக்கு வழி. வேறொன்றில் எத்தனை தடவை செய்தாலும் முடியாது. அப்போதும் செய்தது வீணாகாது. ஆகையால் எண்ணிக்கையைக் கேட்காதே. ஒவ்வொரு தடவையும் என்ன மாறுகிறது என்று கேள். எண்ணிக்கை தானாக வந்து சேரும். இந்தக் கடிதம் முழுவதும் நான் சொல்லப்போவது இது ஒன்றைத்தான்.

சூத்திரங்களை வகுப்பில் வாய்விட்டுப் படிப்பதைப்போலவே எழுதுகிறேன். நீ ஒரு தாளையும் பேனாவையும் வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொன்றையும் குறியீட்டில் எழுதிக்கொண்டே படி. கணக்கைப் பற்றிய கடிதத்தைப் பேனா இல்லாமல் படித்தால் பாதிதான் மனதில் தங்கும்.

முதலில் இந்த முறை எங்கிருந்து வருகிறது என்று பார். யு, வி என்று இரண்டு சார்புகள். இரண்டின் பெருக்கலை வகையிட்டால் இரண்டு உறுப்புகள் வரும்: யு-வை அப்படியே வைத்து வி-யை வகையிட்டது ஒன்று, வி-யை அப்படியே வைத்து யு-வை வகையிட்டது இன்னொன்று. நீ நன்றாக அறிந்த பெருக்கல் விதிதான். இதை இருபக்கமும் தொகையிட்டு, ஓர் உறுப்பை மறுபக்கம் கொண்டுபோனால் பகுதித் தொகையிடல் வந்துவிடும். யு-வும் வி-யும் பெருக்கிய ஒன்று வெளியே நிற்கும்; அதிலிருந்து கழிக்க வேண்டிய ஒரு புதிய தொகையீடு உள்ளே நிற்கும்.

இதிலிருந்து ஓர் உண்மையை எடுத்துக்கொள். இந்தச் சூத்திரம் எந்தத் தொகையீட்டையும் நேராகக் கண்டுபிடித்துத் தருவதில்லை. உன்னிடமிருந்து ஒரு தொகையீட்டை வாங்கிக்கொண்டு இன்னொன்றைக் கொடுக்கிறது, அவ்வளவுதான். நீ கொடுத்ததைவிட உன் கைக்கு வந்தது எளிதாக இருந்தால் லாபம். கடினமாக இருந்தால் நட்டம். அதே கணக்கு கைக்கு வந்தால் என்ன செய்வது என்பதைப் பின்னால் சொல்கிறேன். பல பிள்ளைகள் சூத்திரத்தைச் சரியாக மனப்பாடம் செய்திருந்தும் தடுமாறுவது, மாற்றிக்கொண்ட பிறகு கைக்கு வந்ததைப் பார்க்காமல் அடுத்த மாற்றத்துக்குப் போவதால்தான்.

இப்போது உன் கணக்கு. நீ முதலில் எக்ஸ் ஸ்கொயரை வகையிடவும் சைன் எக்ஸைத் தொகையிடவும் எடுத்துக்கொண்டாய். மிகச் சரி. வெளியே, மைனஸ் எக்ஸ் ஸ்கொயர் காஸ் எக்ஸ். உள்ளே, 2 எக்ஸ் காஸ் எக்ஸ். என்ன மாறியது? எக்ஸின் படி இரண்டிலிருந்து ஒன்றாகிவிட்டது. சைன் காஸாக மாறியது. அதனால் கணக்கு கடினமாகவில்லை. ஆக, நீ ஒரு படி இறங்கியிருக்கிறாய்.

இரண்டாம் தடவையில்தான் பிசகு. காஸ் எக்ஸை வகையிடவும் 2 எக்ஸைத் தொகையிடவும் எடுத்துக்கொண்டாய். 2 எக்ஸைத் தொகையிட்டால் மறுபடி எக்ஸ் ஸ்கொயர்; காஸை வகையிட்டால் மறுபடி சைன். முதல் தடவை செய்ததை இரண்டாம் தடவை நீயே அழித்துவிட்டாய். உள்ளே போன வாசல் வழியாகவே வெளியே வந்துவிட்டதைப்போல. சூத்திரத்தில் பிழை இல்லை, கணக்கீட்டிலும் பிழை இல்லை; திசைதான் மாறிவிட்டது. முதல் தடவை எந்தச் சார்பை வகையிட்டாயோ, அதன் வழியில் வந்ததையே அடுத்த தடவையும் வகையிட வேண்டும். 2 எக்ஸை வகையிட்டால் 2. காஸைத் தொகையிட்டால் சைன். உள்ளே மிஞ்சுவது வெறும் 2 சைன் எக்ஸ். அதைத் தொகையிட யாரும் சொல்லித்தர வேண்டாம். விடை: மைனஸ் எக்ஸ் ஸ்கொயர் காஸ் எக்ஸ், பிளஸ் 2 எக்ஸ் சைன் எக்ஸ், பிளஸ் 2 காஸ் எக்ஸ், கடைசியில் ஒரு மாறிலி.

இதையே அட்டவணையாகப் போடலாம். தாளில் இரண்டு நெடுவரிசை. இடப்பக்கம் எக்ஸ் ஸ்கொயரை வகையிட்டுக்கொண்டே கீழே வா: எக்ஸ் ஸ்கொயர், 2 எக்ஸ், 2, 0. வலப்பக்கம் சைன் எக்ஸைத் தொகையிட்டுக்கொண்டே வா: சைன், மைனஸ் காஸ், மைனஸ் சைன், காஸ். இடப்பக்கத்து ஒவ்வோர் உறுப்பையும் வலப்பக்கத்தில் அதற்கு ஒரு வரி கீழே உள்ளதோடு பெருக்கு. முதல் பெருக்கலுக்குப் பிளஸ், அடுத்ததற்கு மைனஸ், அடுத்ததற்குப் பிளஸ். அதே விடை மூன்று வரியில் வந்துவிடும். உன் பாடநூலில் பெர்னோலி சூத்திரம் என்ற பெயரில் இருப்பது இதுதான்.

அந்தப் பெயருக்குப் பின்னால் வரலாறு உண்டு. சுவிட்சர்லாந்தின் பேசல் நகரைச் சேர்ந்த யோகான் பெர்னோலி 1694-இல் ஒரு முடிவிலாத் தொடரை வெளியிட்டார். பகுதித் தொகையிடலை நிறுத்தாமல் தொடர்ந்து செய்தால் என்ன வருமோ அதுதான் அந்தத் தொடர். ஆனாலும் இங்கிலாந்தின் புரூக் டெய்லர் 1715-இல் வெளியிட்ட நூலைத்தான் பகுதித் தொகையிடலின் பிறப்பிடமாகப் பொதுவாகச் சொல்வார்கள். டெய்லர் தொடர் என்று நீ படிக்கப்போவதைக்கூட இந்த முறையைத் திரும்பத் திரும்பச் செய்தே வருவிக்கலாம். ஆக, ஒரு முறை செய்வது தந்திரம் என்றும், பல முறை செய்வது வெறும் உழைப்பு என்றும் நினைக்காதே. இந்த முறையின் முழு பலமும் திரும்பச் செய்வதில்தான் இருக்கிறது.

அட்டவணையைப் பற்றி இன்னொன்று. அமெரிக்காவில் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியிலுள்ள கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியில் ஹைமே எஸ்கலாந்தே என்றோர் ஆசிரியர் இருந்தார். பொலிவியாவிலிருந்து வந்தவர். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளால் நுண்கணிதம் முடியாது என்று மற்றவர்கள் எண்ணியபோது, முடியும் என்று நம்பிக் கற்பித்தவர். அவரைப் பற்றி 1988-இல் 'ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்' என்ற திரைப்படம் வந்தது. அதில் அவர் இந்த அட்டவணை முறையை வகுப்பில் போட்டுக்காட்டும் காட்சி உண்டு. அட்டவணை கைக்கு வந்தால் பயம் போய்விடும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அது எப்போது செல்லும் என்று தெரிந்து போடு. இடப்பக்கம் பூச்சியத்தில் முடிந்தால் அட்டவணை தானே முடிந்துவிடும். முடியாவிட்டால், நீ நிறுத்துகிற வரியில் இடமும் வலமும் பெருக்கிய தொகையீடு ஒன்று, உரிய குறியோடு, மிச்சம் இருக்கும். அதை எழுதாமல் விட்டால் விடை தவறு.

எதை வகையிடுவது, எதைத் தொகையிடுவது என்பதற்கு உங்கள் வகுப்பில் 'ஐலேட்' என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நேர்மாறு முக்கோணவியல், மடக்கை, இயற்கணிதம், முக்கோணவியல், அடுக்குக்குறி என்ற வரிசையில் எது முதலில் வருகிறதோ அதை வகையிடு என்பது விதி. பெரும்பாலும் சரியாக வரும். ஏன் சரியாக வருகிறது என்று யோசித்தாயா? மடக்கையும் நேர்மாறு சைனும் வகையிட்டால் எளிதாகிவிடும்; தொகையிட்டால் சிக்கலாகும். பல்லுறுப்புக் கோவை வகையிட வகையிடத் தேய்ந்து பூச்சியமாகும். சைனும் ஈ பவர் எக்ஸும் எத்தனை முறை தொகையிட்டாலும் பெருகாமல் அப்படியே இருக்கும். வகையிட்டால் தேய்வது ஒரு பக்கம், தொகையிட்டால் வளராதது மறுபக்கம். விதியின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அந்த உயிரைப் பிடித்துக்கொண்டால், விதி கைவிடும் இடத்திலும் நீ தவிக்கமாட்டாய். எக்ஸ் கியூபும் ஈ பவர் எக்ஸ் ஸ்கொயரும் பெருக்கிய கணக்கை எடு. ஐலேட் சொல்கிறபடி எக்ஸ் கியூபை வகையிடப் போனால், ஈ பவர் எக்ஸ் ஸ்கொயரைத் தனியாகத் தொகையிட வேண்டிவரும். அதற்கு நமக்குத் தெரிந்த சாதாரணச் சார்புகளில் விடையே கிடையாது. எக்ஸ் கியூபிலிருந்து ஒரே ஓர் எக்ஸைப் பிரித்து ஈ பவர் எக்ஸ் ஸ்கொயருக்குத் துணையாகக் கொடு. இப்போது அந்தப் பகுதி தொகையிடத் தக்கதாகிவிட்டது. எஞ்சிய எக்ஸ் ஸ்கொயரை வகையிடு. ஒரே தடவையில் முடிந்துவிடும்: எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 1, அதோடு பெருக்கிய ஈ பவர் எக்ஸ் ஸ்கொயர், மொத்தத்தில் பாதி. விதி சொன்ன வரிசையை மீறினோம்; விதியின் காரணத்தை மீறவில்லை.

அடுத்து, திரும்பி வருகிற கணக்குகள். ஈ பவர் எக்ஸும் சைன் எக்ஸும் பெருக்கியதைத் தொகையிட வேண்டும். இரண்டில் எதை வகையிட்டாலும் தேயாது. அப்படியானால் கைவிட வேண்டியதுதானா? இல்லை. அந்தத் தொகையீட்டுக்கு ஐ என்று பெயர் வை. சைனை வகையிட்டு, ஈ பவர் எக்ஸைத் தொகையிடு. உள்ளே ஈ பவர் எக்ஸ் காஸ் எக்ஸ். திசை மாறாமல் இன்னொரு தடவை: காஸை வகையிட்டு, ஈ பவர் எக்ஸைத் தொகையிடு. உள்ளே வருவது மைனஸ் ஐ. அதாவது ஐ என்பது, ஈ பவர் எக்ஸ் பெருக்கல் சைன் மைனஸ் காஸ், அதிலிருந்து ஐ கழித்தது. ஐ-யை இடப்பக்கம் கொண்டுவா. 2 ஐ தெரிந்துவிட்டது, பாதியாக்கினால் ஐ.

உன் தாளிலும் கணக்கு திரும்பி வந்தது, இங்கேயும் திரும்பி வந்தது. அங்கே விடை வரவில்லை, இங்கே வந்தது. என்ன வேறுபாடு? அங்கே ஐ அதே குறியோடு வந்தது. இருபக்கமும் கழித்தால் பூச்சியம் சமம் பூச்சியம். இங்கே குறி மாறி வந்தது. ஆகவே சேர்க்க முடிந்தது. குறி மாறித்தான் வர வேண்டும் என்பதில்லை. வேறொரு எண்ணால் பெருக்கப்பட்டு வந்தாலும் போதும். ஈ பவர் எக்ஸ் கணக்கில்கூட இரண்டாம் தடவை நீ திசையை மாற்றியிருந்தால் பூச்சியம் சமம் பூச்சியத்தில்தான் போய் நின்றிருப்பாய். ஆகையால் கணக்கு திரும்பி வந்ததும் பேனாவைக் கீழே போடாதே. என்ன எண்ணோடு திரும்பியிருக்கிறது என்று முதலில் பார்.

திரும்பி வருவதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ஒன்றின்கீழ் எக்ஸ் என்பதை எடு. ஒன்றின்கீழ் எக்ஸை வகையிடவும், 1-ஐத் தொகையிடவும் வைத்துக்கொள். வெளியே ஒன்றின்கீழ் எக்ஸும் எக்ஸும் பெருக்கி 1. உள்ளே குறிகள் சேர்ந்து அதே தொகையீடு, பிளஸ் குறியோடு. ஆக ஐ சமம் 1 பிளஸ் ஐ. கழித்தால் பூச்சியம் சமம் ஒன்று! எந்த அடியிலும் தவறில்லை. அப்படியானால் கணிதமே தவறா? இல்லை. எல்லை இல்லாத தொகையீடு என்பது ஒரே சார்பு அல்ல. மாறிலியால் மட்டும் வேறுபடும் சார்புகளின் முழுக் கூட்டம். இடப்பக்கத்து ஐ அந்தக் கூட்டத்தில் ஒன்று, வலப்பக்கத்து ஐ அதில் இன்னொன்று. இரண்டுக்கும் வித்தியாசம் 1. எல்லை போட்டுச் செய்துபார்: வெளியே நிற்கிற 1-க்கு மேல் எல்லையிலும் கீழ் எல்லையிலும் ஒரே மதிப்பு, கழித்தால் பூச்சியம், முரண்பாடு மறைந்துவிடும். விடையின் கடைசியில் போடும் பிளஸ் சி-யை மதிப்பெண்ணுக்காகப் போடும் சடங்கு என்று எண்ணாதே. அது இல்லாவிட்டால் பூச்சியமும் ஒன்றும் சமமாகிவிடும்.

இதுவரை சொன்னவற்றில் ஒரு தடவையோ, இரண்டு தடவையோ செய்தோம். சைன் எக்ஸின் நூறாம் அடுக்கைக் கொடுத்து, 0-விலிருந்து 90 பாகை வரை, அதாவது பையில் பாதி வரை, தொகையிடச் சொன்னால்? அங்கே நூறு அடுக்கையும் ஒவ்வொன்றாகச் செய்யத் தேவையில்லை. ஒரே ஓர் அடியை எழுத்தில் செய்து வைத்துக்கொண்டால் போதும். சைனின் என்-ஆம் அடுக்கிலிருந்து ஒரு சைனைப் பிரித்துத் தொகையிடு, மிச்சத்தை வகையிடு. வெளியே நிற்கும் உறுப்பு இரண்டு எல்லையிலும் பூச்சியமாகிவிடும். உள்ளே வருகிற காஸ் ஸ்கொயரை 1 மைனஸ் சைன் ஸ்கொயர் என்று எழுது. ஒரு பகுதி கீழிறங்குகிறது, ஒரு பகுதி கேட்டதற்கே திரும்பி வருகிறது. இறங்குவதும் திரும்புவதும் ஒரே அடியில் நிகழும் அழகான இடம் இது. திரும்பியதை இடப்பக்கம் சேர்த்தால், என்-ஆம் அடுக்கின் தொகையீடு என்பது என் மைனஸ் 1-இன் கீழ் என், பெருக்கல் இரண்டு அடுக்கு குறைந்த தொகையீடு. உங்கள் பாடநூல் குறைப்புச் சூத்திரம் என்று சொல்வது இதைத்தான்.

ஆறாம் அடுக்குக்குப் போட்டுப் பார். 5/6, 3/4, 1/2, கடைசியில் பை/2. பெருக்கினால் 5 பை/32. ஏழாம் அடுக்குக்கு 6/7, 4/5, 2/3, பெருக்கினால் 16/35. இரட்டைப்படை அடுக்கில் பை வருகிறது, ஒற்றைப்படையில் வருவதில்லை. அடுக்கு பெரிதாகப் பெரிதாக, அடுத்தடுத்த இரண்டு தொகையீடுகளின் விகிதம் ஒன்றை நெருங்கும். அந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று வகுத்து வைத்தால் பையில் பாதிக்கு ஒரு முடிவிலாப் பெருக்கல் கிடைக்கிறது: 2/1, 2/3, 4/3, 4/5, 6/5, 6/7 என்று போய்க்கொண்டே இருக்கும். ஜான் வாலிஸ் 1656-இல் வெளியிட்ட நூலில் இது இருக்கிறது. அவர் வந்த வழி வேறு. நியூட்டன் அப்போது சிறுவன், நுண்கணிதம் இன்னும் பிறக்கவில்லை. வாலிஸ் பெரும்பாடுபட்டுக் கண்டதை நீ பிளஸ் டூ கணிதத்தைக் கொண்டு அரைப் பக்கத்தில் நிறுவிவிடலாம்.

அதே வகையில் இன்னொன்று. எக்ஸின் ஐந்தாம் அடுக்கையும் ஈ பவர் மைனஸ் எக்ஸையும் பெருக்கி, 0-விலிருந்து முடிவிலி வரை தொகையிடு. ஒவ்வொரு தடவையும் வெளியே நிற்பது இரு முனையிலும் பூச்சியம். ஒவ்வொரு தடவையும் அடுக்கு ஒன்று குறைந்து, குறைவதற்கு முன்பிருந்த அடுக்கு முன்னால் வந்து நிற்கிறது: 5, 4, 3, 2, 1. பெருக்கினால் 120. இதற்குள் காரணீயப் பெருக்கம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஆய்லர் 1729-இலும் 1730-இலும் கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதங்களில், முழு எண்ணாக இல்லாதவற்றுக்கும் காரணீயப் பெருக்கம் உண்டா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, தொகையீட்டின் வழியே அதற்குப் பொருள் கொடுத்தார். அதுதான் நீ படிக்கும் காமா தொகையீடு. அரை என்ற எண்ணின் காரணீயப் பெருக்கம் பையின் வர்க்கமூலத்தில் பாதி என்று அது சொல்கிறது. ஒரே அடியைச் சலிக்காமல் திரும்பச் செய்ததன் பலன் எவ்வளவு தூரம் போகிறது பார்.

இனி, முடியவே முடியாத கணக்கு. ஈ பவர் மைனஸ் டி-யை டி-யால் வகுத்து, 10-இலிருந்து முடிவிலி வரை தொகையிட வேண்டும். ஒன்றின்கீழ் டி-யை வகையிட வகையிட, கீழே டி-யின் அடுக்கு ஏறும். மேலே காரணீயப் பெருக்கங்கள் ஏறும். பூச்சியத்தில் முடிவதில்லை, திரும்பி வருவதும் இல்லை. பொதுக்காரணியை வெளியே எடுத்துவிட்டால் உள்ளே வருவது: 1, மைனஸ் 0.1, பிளஸ் 0.02, மைனஸ் 0.006, பிளஸ் 0.0024 என்று ஒரு தொடர். உள்ளே உள்ள இந்தப் பகுதியின் உண்மையான மதிப்பு ஏறத்தாழ 0.9156. முதல் நான்கு உறுப்புகளைக் கூட்டினாலே 0.914 வந்துவிடுகிறது. பிழை, நாம் விட்டுவிட்ட அடுத்த உறுப்பைவிடச் சிறியது. இன்னும் சில உறுப்புகள் சேர்த்தால் இன்னும் நெருங்கும். ஆனால் ஓர் எல்லைக்குமேல் இது நடக்காது. பத்தாவது உறுப்பும் பதினோராவது உறுப்பும் அளவில் சமம். அதற்குப் பிறகு உறுப்புகள் வளரத் தொடங்குகின்றன. 26-ஆவது உறுப்பு ஒன்றரையைத் தாண்டிவிடுகிறது. விடையே ஒன்றுக்கும் குறைவு. அதில் சேர்க்கச் சொல்லும் ஓர் உறுப்போ விடையைவிடப் பெரிது!

இந்தத் தொடர் ஒருங்காது. ஆனாலும் பயனற்றதல்ல. உறுப்புகள் குறையும்வரை எடுத்துக்கொண்டு, வளரத் தொடங்கும் இடத்தில் நிறுத்தினால் மிக நல்ல விடையைத் தரும். பிரான்சின் ஆன்றி பொயின்காரே 1886-இல் இத்தகைய தொடர்களுக்கு முறையான அடித்தளம் போட்டார். இயற்பியலிலும் பொறியியலிலும் இன்றும் இவற்றைக் கொண்டுதான் பல மதிப்புகளைக் காண்கிறார்கள். கண்மணி, இதை உனக்குத் தேர்வில் கேட்கமாட்டார்கள். ஆனாலும் இதை எழுதக் காரணம் உண்டு. முயற்சியைத் தொடர்வது மட்டுமே நல்ல குணம் என்று பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிவைத்திருக்கிறோம். அது பாதி உண்மை. இந்தக் கணக்கில் 11 உறுப்புக்குப் பிறகும் தொடர்கிறவர், அதுவரை சம்பாதித்த துல்லியத்தையும் இழந்துவிடுகிறார். அடுத்த அடி என்னை விடைக்கு அருகில் கொண்டுபோகிறதா என்று ஒவ்வோர் அடியிலும் பார்ப்பவருக்குத்தான் உழைப்பு பலன் தரும்.

உன் கணக்கைச் சாதாரணக் கணக்கு என்று நினைத்துவிடாதே. பை ஒரு பின்னம் அல்ல, விகிதமுறா எண் என்பதை 1760-களில் யோகான் லாம்பெர்ட் முதலில் நிறுவினார். அந்த நிறுவல் எளிதானதல்ல. 1947-இல் ஐவன் நிவன் என்பவர் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் இதழில் ஒரே ஒரு பக்கத்தில் புதிய நிறுவல் ஒன்றைத் தந்தார். அதன் கருவி என்ன தெரியுமா? ஒரு பல்லுறுப்புக் கோவை, அதோடு பெருக்கிய சைன் எக்ஸ். உன் தாளில் இருப்பதேதான்.

பை ஒரு பின்னம் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பின்னத்தின் மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கொண்டு ஒரு பல்லுறுப்புக் கோவையை அவர் அமைத்தார். அதைச் சைன் எக்ஸோடு பெருக்கி, 0-விலிருந்து பை வரை தொகையிட்டார். கோவை தேய்ந்து பூச்சியமாகும்வரை பகுதித் தொகையிடலைத் திரும்பத் திரும்பச் செய்தால், விடை முழு எண்ணாக வருகிறது. ஆனால் கோவையின் படியைப் போதிய அளவு உயர்த்தினால், அதே தொகையீடு பூச்சியத்தைவிடப் பெரிதாகவும் ஒன்றைவிடச் சிறிதாகவும் இருந்தாக வேண்டும். பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் முழு எண் ஏது? ஆகவே பை பின்னமாக இருக்க முடியாது. இரண்டு நெடுவரிசை போட்டு நீ செய்யும் அதே வேலை, இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக மனிதர் அளந்துவந்த ஓர் எண்ணின் இயல்பைத் தீர்த்துச் சொல்கிறது. ஈ என்ற எண் எந்தப் பல்லுறுப்புச் சமன்பாட்டுக்கும், அதாவது முழு எண் கெழுக்கள் கொண்ட எதற்கும், தீர்வாகாது என்று 1873-இல் சார்ல் எர்மீத் நிறுவியபோதும் இந்தத் திரும்பச் செய்தல்தான் கைகொடுத்தது.

பொறியியல் படிக்கப் போனால் லாப்லாஸ் உருமாற்றம் வரும். வகைக்கெழுவை வெறும் பெருக்கலாக மாற்றி, வகைக்கெழுச் சமன்பாட்டை இயற்கணிதமாக்கித் தரும் முறை அது. அதன் அடிப்படையும் பகுதித் தொகையிடல்தான்; இரண்டாம் வகைக்கெழுவுக்கு இரண்டு தடவை, மூன்றாவதற்கு மூன்று தடவை. ஃபூரியே தொடரில் எக்ஸ் ஸ்கொயருக்குக் கெழுக்கள் காணும்போது, உன் தாளில் உள்ள கணக்கை காஸோடு மறுபடி செய்வாய். இப்போது கை பழகிவிட்டால் அப்போது மனம் புதியதில் நிற்கும்.

கடைசியாக, கைப்பழக்கத்துக்குச் சில சொற்கள். கணக்கைத் தொடங்கும்முன் அது எந்த வகை என்று ஓரத்தில் எழுது: தேய்ந்து முடியுமா, திரும்பி வருமா, குறைப்புச் சூத்திரம் வேண்டுமா. முதல் தடவை எடுத்த திசையை நடுவில் மாற்றாதே. எல்லைகள் இருந்தால் வெளியே வந்த உறுப்புக்கு அப்போதைக்கப்போதே மதிப்புப் போடு. இரண்டாம் தடவை செய்யும்போது, வெளியே உள்ள மைனஸுக்குப் பின்னால் அடைப்புக்குறியைப் போட்டுவிட்டு உள்ளே எழுது. பிள்ளைகள் இழக்கும் மதிப்பெண்களில் பெரும்பங்கு அந்த அடைப்புக்குறியைப் போடாததால்தான் போகிறது. வேகம் பயிற்சியால் தானே வரும். அதை நீ துரத்த வேண்டாம்.

மூன்று கணக்குகள் தருகிறேன். எக்ஸின் நான்காம் அடுக்கும் ஈ பவர் 2 எக்ஸும் பெருக்கியது. ஈ பவர் 2 எக்ஸும் காஸ் 3 எக்ஸும் பெருக்கியது. லாக் எக்ஸின் மூன்றாம் அடுக்கு. மூன்றும் மூன்று வகை. எது எந்த வகை, எத்தனை தடவை வேண்டும் என்பதைக் கணக்கைச் செய்யும்முன் எழுதிவிடு, பிறகு செய். விடை வந்ததும் அதை வகையிட்டு, கேட்ட சார்பு திரும்பக் கிடைக்கிறதா என்று பார். தொகையிடலில் விடைத்தாள் திருத்துபவரைக் கேட்காமலே சரியா தவறா என்று நீயே அறிந்துகொள்ளலாம். வேறு பல பாடங்களில் கிடைக்காத வசதி இது. அந்தச் சரிபார்ப்பைச் செய்யாமல் மட்டும் எந்தத் தாளையும் மூடாதே.

அன்புடன்,
அத்தை